வேலும் கிதாரும்

சினிமாவுக்கு வெளியே: தமிழ்ப் பாட்டின் இன்னொரு வரலாறு – 21

2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை இரவு. லண்டனில் மெர்க்குரி இசை விருதை அறிவித்தாக வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஓராண்டுக்குள் வெளிவந்த ஆல்பங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி, அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கொடுக்கிற விருது அது. அந்த வருஷப் பட்டியலில் ரேடியோஹெட் இருந்தார்கள், பேஸ்மென்ட் ஜாக்ஸ் இருந்தார்கள், பி. ஜே. ஹார்வி இருந்தார். அவர்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெண்ணின் முதல் ஆல்பமும் இருந்தது. பெயர் ‘சால்ட் ரெய்ன்’. அதில் ஒரு பாட்டு முத்துசுவாமி தீட்சிதருடையது. இன்னொன்று தியாகராஜருடையது.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் சரிந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. விருது ஹார்விக்குப் போனது. அவர் லண்டனிலேயே இல்லை. கச்சேரிக்காக வாஷிங்டன் போயிருந்தவர், ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பென்டகன் எரிவதைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில்தான் நன்றி சொன்னார். பாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இல்லாத இரவு. ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றாக இருந்ததே சுசீலா ராமன் என்ற பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2002இல், பிபிசி ரேடியோ 3 உலக இசைக்கான புதுமுக விருதை அவருக்குத் தந்தது. பிரான்சில் ஆல்பம் நன்றாக விற்றது.

அதோடு அவர் நின்றிருந்தால் இந்தத் தொடரில் அவருக்கு ஒரு பத்தி போதும். தனி அத்தியாயமே எழுதக் காரணம், பத்தாண்டு கழித்து அவர் செய்தது. மென்மையான குரலுக்கும் மரக் கிதாருக்கும் பேர்போன ஒருவர், அந்தப் பேரை ஓரமாக வைத்துவிட்டு, மின்கிதார் அலறும் ஒரு ராக் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதன் பெயர் ‘வேல்’. அதற்குள் முருகன் பாட்டுகள் இருந்தன. தைப்பூசத்துக்கு மலையேறும்போது நம் காதில் விழுகிற அதே வகைப் பாட்டுகள்.

போன சில வாரங்களில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ பற்றிப் பார்த்தோம். 1986இல் அவர் படக்காட்சி, கதாநாயகன், பாடல் வரி எதுவும் இல்லாமல், தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாகச் செய்த ஆல்பம். தன் சொந்த இசை எது என்று கேட்டுக்கொண்டபோது அவர் சாஸ்திரிய இசையின் பக்கம் போனார். அது ஒரு வழி. சுசீலா ராமன் போனது கிட்டத்தட்ட அதற்கு எதிர்த்திசை. சாஸ்திரிய சங்கீதத்தில் தொடங்கி, அங்கிருந்து தெருவுக்கு வந்தவர் அவர்.

அவர் பிறந்தது 1973இல், லண்டனில். பெற்றோர் தஞ்சாவூரைச் சேர்ந்த தமிழர்கள், 1960களின் நடுவில் இங்கிலாந்து போனவர்கள். குழந்தைக்கு நான்கு வயதாகும்போது, 1977இல், குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. கடல் கடந்த குடும்பங்கள் பல செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்: மகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிவைத்தார்கள். சிறுமியாக இருக்கும்போதே மேடையில் கீர்த்தனை பாடினார். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு ஊர் என்பது வீட்டுக்குள் மட்டும் இருக்கிற ஒன்று. அது பூஜையறையில், அரிசிச் சோற்றில், வாரக் கடைசிப் பாட்டு வகுப்பில் இருக்கும். வாசலைத் தாண்டினால் வேறு நாடு. ஊர்த் திருவிழாவின் இரைச்சலும் புழுதியும் அந்த வீட்டுக்குள் வர வழியே கிடையாது.

பதின்வயதில் சிட்னியில் அவர் சொந்தமாக ஒரு குழு அமைத்தார். ஃபங்க், ராக் அண்ட் ரோல், பிறகு ப்ளூஸ், ஜாஸ். தொண்டையைத் திறந்து கத்திப் பாடக் கற்றுக்கொண்டது அங்கேதான். இதை மறந்துவிட்டு, ‘வேல்’ ஆல்பத்தில் அவர் திடீரென்று ராக் பக்கம் தாவினார் என்று சொன்னால் கதை தப்பாகிவிடும். பதின்வயதிலேயே அவருக்குள் ராக் இருந்தது. நடுவில்தான் அது மறைந்திருந்தது.

1995இல் இந்தியா வந்து, ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவைச் சேர்ந்த ஷ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி கற்றார். 1997இல் லண்டனுக்குத் திரும்பினார். அங்கே கிதார்க் கலைஞர் சாம் மில்ஸோடு சேர்ந்து வேலை தொடங்கியது. பின்னாளில் அவர்தான் சுசீலாவின் வாழ்க்கைத் துணையும் ஆனார். மில்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1980களில் ‘23 ஸ்கிடூ’ என்ற பரிசோதனைக் குழுவில் வாசித்தவர். 1997இல் வங்காளத்து பாவுல் பாடகர் பபன் தாஸுடன் சேர்ந்து ‘ரியல் சுகர்’ என்ற ஆல்பம் செய்தவர். ஒருவர் பாடும்போது பின்னால் நின்று பத்து சுரத்தை ஐந்தாகக் குறைத்து வாசிக்கத் தெரிந்த கலைஞர். இருபது வருஷத்துக்கும் மேலாக சுசீலாவின் எல்லா ஆல்பங்களிலும் அவர் கை இருக்கிறது.

‘சால்ட் ரெய்ன்’ இந்த இருவர் கூட்டில் பிறந்தது. கேமரூன் நாட்டு இலேர் பெண்டா பேஸ் கிதார், பிரான்சின் வென்சான் செகால் செல்லோ, ஆரிஃப் துர்வேஷ் தபலா. கீர்த்தனைகளோடு டிம் பக்லியின் பழைய பாட்டு ஒன்றும், ‘ஜங்கிள் புக்’ படத்தில் மலைப்பாம்பு பாடும் பாட்டும் உண்டு. அழகான ஆல்பம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கத் தோதானது. கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர்கள் சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம், கமகம் குறைந்து கீர்த்தனை ஒரு தாலாட்டைப் போல ஆகிவிட்டது என்பார்கள். எனக்கு அந்தக் குறை தெரியவில்லை. எனக்கு அதில் தெரிகிற குறை வேறு: அந்தக் குரல் முழு ஆளையும் வெளியே விடவில்லை. மிகவும் கட்டுப்பாடாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் பாடுகிறது.

அப்படிப் பாட வைத்ததில் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1987 ஜூன் மாதம் லண்டனில், ‘எம்ப்ரஸ் ஆஃப் ரஷ்யா’ என்ற மதுக்கடையின் மாடியில் சில சிறு இசை நிறுவனத்தார் கூடினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ வரும் இசைத்தட்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்பதுதான் பேச்சு. ‘உலக இசை’ என்று ஒரே பெயர் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். விற்பனைக்கு அது உதவியது என்பதை மறுக்க முடியாது. பல கலைஞர்களுக்கு அதனால்தான் ஐரோப்பாவில் சோறு கிடைத்தது. ஆனால் அந்த அலமாரியில் வைக்கப்பட்டவர்களிடம் கேட்பவர்கள் எதிர்பார்த்தது ஒரு வகையான அமைதியை, ஒரு தூரத்து நாட்டு வாசனையை. லண்டனில் பிறந்து, சிட்னியில் ஹெண்ட்ரிக்ஸ் கேட்டு வளர்ந்த ஒருத்தி அந்த அலமாரிக்குள் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்?

2003இல் ‘லவ் ட்ராப்’. ஃபெலா குட்டியின் பக்கத்தில் பல்லாண்டு டிரம்ஸ் வாசித்த நைஜீரியக் கலைஞர் டோனி ஆலன் அதில் வாசித்தார். தாளம் கனத்தது. 1958இல் வந்த ‘யஹூதி’ இந்திப் படத்தில் முகேஷ் பாடிய பாட்டு ஒன்றை அதில் சுசீலா பாட, மீரா நாயர் பின்னர் அதைத் தன் ‘நேம்சேக்’ படத்தில் எடுத்துக்கொண்டார். 2005இல் ‘மியூசிக் ஃபார் க்ரொக்கடைல்ஸ்’, ஒரு பகுதி சென்னையில் பதிவானது. அதிலேயே சரவணனைப் பாடும் ஒரு பாட்டு எட்டிப் பார்க்கிறது. இன்னும் மெதுவாகத்தான், இன்னும் மரியாதையாகத்தான்.

2007இல் வந்த ஆல்பத்தில்தான் முதல் வெடிப்பு. பெயர் ‘33⅓’. எல்பி இசைத்தட்டு ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை அது. 1973இல் பிறந்தவருக்கு அப்போது வயதும் அதை ஒட்டித்தான். முழுக்க முழுக்கப் பிறருடைய ராக் பாட்டுகள்: பாப் டிலன், ஜான் லெனன், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், கேப்டன் பீஃப்ஹார்ட், ஜெர்மனியின் ‘கான்’ குழு. இன்னொருவர் எழுதிய பாட்டைப் பாடுவதில் சொந்த விஷயம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தியாகராஜரை நூறாண்டுக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருக்கிற நம்மிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம், எந்த வரியில் நின்று திரும்பத் திரும்பச் சங்கதி போடுகிறோம் என்பதில்தான் பாடுகிறவர் யார் என்பது தெரியும். சுசீலா இந்த ஆல்பத்தில், தன் பதின்வயதுக் காதுக்குள் என்ன இருந்தது என்பதை முதல்முறையாக வெளியே சொன்னார்.

அதற்கு அடுத்த அடி எங்கே வைப்பது? ராக் பாடகி ஒருத்தி தன் சொந்தக் கதையைச் சொல்ல மேற்கில் ஒரு பழகிய பாதை உண்டு. லெனன் 1970இல் தாயை இழந்த துக்கத்தை ஆல்பமாக்கினார். 1960களில் இனிமையான பாப் பாட்டுகளால் அறியப்பட்ட மரியான் ஃபெய்த்ஃபுல், போதையிலும் வறுமையிலும் தேய்ந்த குரலோடு 1979இல் ‘ப்ரோக்கன் இங்கிலிஷ்’ தந்தார். கனடாவில் பதின்வயது டான்ஸ் பாட்டுப் பாடகியாக இரண்டு ஆல்பம் போட்ட அலனிஸ் மோரிசெட், 1995இல் ‘ஜாகட் லிட்டில் பில்’ மூலம் தன் கோபத்தை உலகம் முழுக்க விற்றார். மூன்றுமே மனதை உலுக்கும் ஆல்பங்கள்தான். மூன்றிலும் ‘நான்’ என்பது ஒரு தனி ஆள். அறைக்குள் உட்கார்ந்து, காதலனையோ தாயையோ தன்னையோ பார்த்துப் பேசுகிற ஆள்.

சுசீலா ராமன் அந்தப் பாதையில் போகவில்லை. அவர் போனது தமிழ்நாட்டுக்கு, முருகன் பாட்டுப் பாடுகிறவர்களிடம். அந்த ஆண்டுகளில் அவர் தேடிப்போய்க் கேட்ட பாடகர்களில் நம்மூர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்திருக்கிற கோவை கமலாவும் ஒருவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அவர் தேடி வந்தது என்ன என்று பார்க்க வேண்டும். தொண்டாமுத்தூரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வராது. இங்கிருந்து வடக்கே பார்த்தால் மருதமலை, மேற்கே பார்த்தால் வெள்ளியங்கிரி, கிழக்கே நொய்யலை ஒட்டிப் பேரூர். தை பிறந்தால் வாழைத்தோப்புக்கும் பாக்குத்தோப்புக்கும் நடுவில் எந்தத் தெருவில் நின்றாலும் மைக்செட்டில் முருகன் பாட்டுதான். பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள், டி.எம்.எஸ். என்று கேசட் காலத்தில் தொடங்கி, இன்று மெமரி கார்டு வரை அதே வரிசை. பாதயாத்திரைக் கூட்டம் பழனிக்கு நடக்கும்போது முன்னால் ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குப் போகும் தீர்த்தக் காவடியிலும் அப்படித்தான். காலில் கொப்புளம், வாயில் பாட்டு.

இந்தப் பாட்டுக்குக் கொங்கு நாட்டில் நீண்ட கணக்கு இருக்கிறது. கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது சென்னிமலையில் என்பது மரபு. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தலையில் முண்டாசு, கையில் ஆர்மோனியம் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடிய பித்துக்குளி முருகதாஸ் 1920இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 2015இல் மறையும்வரை முருகன் பாட்டைக் கச்சேரியாகவும் இல்லாமல் வெறும் பஜனையாகவும் இல்லாமல் தனக்கென ஒரு வடிவத்தில் பாடிக்கொண்டிருந்தார். நம் கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர், மருதமலைக்குத் திருப்பணிகள் செய்த பக்தர், 1972இல் ‘தெய்வம்’ படம் எடுத்தபோது அன்றைய முருகன் பாடகர்களையெல்லாம் திரையிலேயே தோன்றிப் பாட வைத்தார். மருதமலைக்கான பாட்டை மதுரை சோமு பாடினார். கர்நாடக மேடையின் பெரிய வித்வான், கூட்டத்தின் நடுவில், தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, சங்கீதத்துக்கும் சாமியாட்டத்துக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆடியோ கேசட்டுக்கும் சினிமாவுக்கும் முன்பே இதற்கு இலக்கணம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் காவடிச் சிந்து பாடினார். நடந்துகொண்டே பாடத் தோதான நடை. மும்மூன்றாகத் துள்ளும் தாளம் காலை நிற்க விடாது. அதற்கும் நானூறு ஆண்டுக்கு முன்னால், 15ஆம் நூற்றாண்டில், அருணகிரிநாதர். மருதமலைக்கும் அவர் திருப்புகழ் உண்டு. சந்தத்துக்காகவே எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். சந்தத்தை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் படித்துப் பாருங்கள்: தன் உடம்பின் ஆசை, பெண் பித்து, வீணாய்ப் போன இளமை, கிழடாகிச் சாகப்போகிற பயம். ஒவ்வொரு பாட்டிலும் தன்னைத்தானே கூண்டில் ஏற்றிக்கொள்கிறார். லெனனோ மோரிசெட்டோ செய்ததற்கு இது குறைந்த சுயசரிதை இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். அருணகிரியின் ‘நான்’ கூட்டத்தின் நடுவில், தாளத்தோடு, ஊரே சேர்ந்து பாடும்படி சொல்லப்பட்டது. இன்று திருப்புகழ் சபையில் ஐம்பது பேர் சேர்ந்து உட்கார்ந்து பாடும்போது, ஐம்பது பேரும் அந்த ஒருவரின் வெட்கத்தைத் தங்கள் வெட்கமாகப் பாடுகிறார்கள்.

சுசீலா ராமன் பிடித்த இடம் இதுதான் என்று நான் நம்புகிறேன். தன் சொந்த ஆல்பம் என்று ஒன்றைத் தேடியவர், தனியறைக்குள் போகாமல் கூட்டத்துக்குள் போனார். அவருக்கு வீட்டில் கிடைத்தது கீர்த்தனை. கிடைக்காமல் போனது காவடி. கீர்த்தனையை விமானத்தில் ஏற்றி சிட்னிக்குக் கொண்டுபோய்விடலாம், ஒரு ஆசிரியரும் ஒரு தம்பூராவும் போதும். மலையடிவாரத்துத் தைப்பூசத்தைக் கொண்டுபோக முடியாது. இழந்தது இன்னதென்றே தெரியாமல் வளர்ந்த ஒருத்தி, முப்பத்தைந்து வயதில் அதைக் கேட்டபோது, அது தன் பதின்வயது ராக் குழுவின் சத்தத்தோடு ஒத்துப்போவதையும் கண்டாள்.

‘வேல்’ 2011இல் வந்தது. தமிழ்ப் பாட்டுகளும், அவரும் மில்ஸும் எழுதிய ஆங்கிலப் பாட்டுகளும் கலந்த ஆல்பம். ‘சால்ட் ரெய்ன்’ கேட்டுவிட்டு அடுத்து இதைப் போட்டால், இரண்டும் ஒரே குரலா என்று சந்தேகம் வரும். அங்கே மூச்சுக்காற்று கலந்த குரல், இங்கே தொண்டையின் அடியிலிருந்து வருகிற குரல். சுருதியின் உச்சியில் போய் நின்றுகொண்டு, விரிசல் விட்டாலும் கவலைப்படாமல் பாடுகிறது. மில்ஸின் மின்கிதார் ராக் பாட்டில் வழக்கமாகச் செய்வதுபோல நொடிக்கொரு கார்டு மாற்றுவதில்லை. ஒரே இடத்தில் தம்பூராவைப் போல ரீங்கரித்துக்கொண்டு, அதன் மேல் ஒரு சிறு சொற்கட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறது. துர்வேஷின் தபலா முன்னைவிட வேகமாக, கனமாக வருகிறது.

முருகன் பாட்டும் ராக்கும் ஒட்டியது எப்படி என்று கொஞ்சம் காதை நெருக்கமாக வைத்துக் கேட்டால் புரியும். கூட்டுப் பாட்டில் ஒரே அடி பத்து முறை, இருபது முறை திரும்பி வரும். ராகம் விரிவடைவதில்லை, வேகமும் அழுத்தமும்தான் ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் கைத்தட்டு நெருங்கும், சுருதி ஏறுவது போலத் தோன்றும், யாராவது ஒருவர் ஆடத் தொடங்குவார். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த முனகலை எழுப்புகிறவருக்கும், கிதாரை ஒலிபெருக்கியின் முன்னால் பிடித்து ஊளையிட வைக்கிற ராக் கலைஞருக்கும் தேவை ஒன்றுதான்: கேட்பவரின் உடம்பை யோசனை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவது. ‘கான்’ குழு 1969இல் ஒரே தாளத்தை இருபது நிமிடம் வாசித்தது அதற்காகத்தான். ‘33⅓’இல் அந்தக் குழுவின் பாட்டைப் பாடிய சுசீலாவுக்கு இந்த உறவு புரியாமல் இருந்திருக்காது.

மேடையில் அவர் இதைப் பாடுவதைப் பார்க்க வேண்டும். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, பாட்டின் உச்சத்தில் தலையைச் சுழற்றுகிறார். ஐரோப்பிய விமர்சகர்களுக்கு அது ராக் மேடையின் ஆவேசமாகத் தெரிந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் வளர்ந்த நமக்கு வேறு ஒன்று தெரியும். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் நடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். நடிப்பு இருந்தால் அடுத்த வரியில் சுருதி அவ்வளவு சரியாக வந்து சேராது.

இந்த முயற்சியைப் பற்றி ஒரு கேள்வியை எழுப்பாமல் விட முடியாது. கோயில் வாசலிலும் பாதயாத்திரையிலும் பாடுகிறவர்களிடமிருந்து எடுத்த பாட்டு, லண்டன், பாரிஸ் மேடையில் ஒரு ஆல்பத்தின் பாட்டாக ஆகும்போது, முதலில் பாடியவர்களுக்கு என்ன கிடைக்கிறது? முருகன் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி: அந்தப் பாட்டை உயிரோடு வைத்திருக்கிறவர்கள் ஊர்த் திருவிழாச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள், அவர்கள் பெயர் கேசட் உறையைத் தாண்டிப் போவதில்லை. அவர்களைக் கேட்டுக் கற்ற ஒருவர் அவர்கள் பெயரைச் சொல்லிக் கற்றது குறைந்தபட்ச நியாயம். நம் சினிமா இசை, நாட்டுப்புற மெட்டுகளை எடுத்தபோது அந்தக் குறைந்தபட்ச நியாயத்தையும் பலமுறை செய்யவில்லை. முந்தைய அத்தியாயங்களில் அதற்கு உதாரணங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. ‘வேல்’ ஆல்பத்தின் ஒரு பாட்டாவது நம் பக்கத்துத் தைப்பூச மைக்செட்டில் ஒலித்து நான் கேட்டதில்லை. நம் வீட்டுச் சாமியைத் தமிழில் பாடுகிற ஒரு ராக் ஆல்பம், பிரான்சில் அறியப்பட்ட அளவுக்குக் கோயம்புத்தூரில் அறியப்படவில்லை. சினிமாவில் வராத பாட்டு இங்கே பாட்டாகக் கணக்கில் வருவதில்லை என்ற பழைய கதைதான். இந்தத் தொடர் தொடங்கியதற்கே காரணமான கதை.

அதே ஆண்டுகளில் இன்னொரு லண்டன் தமிழ்ப் பெண்ணும் இதே மேளத்தைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் லண்டனுக்குத் திரும்பிய மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் ‘அருளர்’ ஆல்பம் போட்டவர். தந்தையின் இயக்கப் பெயர் அது. 2007இல் தாயின் பெயரில் ‘கலா’. அதற்காகச் சென்னையில் உருமிக் கலைஞர்களைத் திரட்டிப் பதிவு செய்தார். அவருடைய பாட்டில் உருமி கோபத்தின் சத்தம், அகதியின் சத்தம். சுசீலாவின் பாட்டில் அதே மரபுத் தாளம் வேண்டுதலின் சத்தம். ஒருவர் ஈழத்திலிருந்து, ஒருவர் தஞ்சாவூரிலிருந்து. லண்டனில் பிறந்த இருவரும், தங்கள் பெற்றோரின் ஊரை அடைய, கச்சேரி மேடையை விட்டுத் தோல் கருவிகளின் பக்கம் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1970களில் பிறந்த புலம்பெயர் தலைமுறை தன் பெற்றோர் பத்திரப்படுத்திக் கொண்டுவந்த பண்பாட்டில் எது விடுபட்டது என்று தேடத் தொடங்கிய காலம் அது. விடுபட்டவை பெரும்பாலும் சத்தமானவை, கூட்டமானவை, சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர்கள் வாசித்தவை.

‘வேல்’ சுசீலா ராமனை மாற்றிவிட்டது. அதன் பிறகு அவர் மென்மைக்குத் திரும்பவில்லை. 2014இல் ‘க்வீன் பிட்வீன்’ வந்தது. ராஜஸ்தானின் குட்லே கான் போன்ற கலைஞர்களும், நுஸ்ரத் ஃபதே அலி கானின் குடும்பத்தைச் சேர்ந்த பாகிஸ்தானின் ரிஸ்வான், முவஸ்ஸம் கவ்வாலிக் குழுவும் அதில் சேர்ந்தார்கள். செலவுக்குப் பெரிய நிறுவனத்தை நம்பாமல் ரசிகர்களிடமே முன்கூட்டிப் பணம் திரட்டினார்கள். எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்களை ஒரே ஆல்பத்தில் பாட வைப்பது எவ்வளவு சிரமம் என்பதை விசா அலுவலக வரிசையில் நின்றவர்களிடம் கேட்டால் தெரியும். 2018இல் ‘கோஸ்ட் கமெலான்’. ஜாவா தீவின் சோலோ நகரத்து இசையமைப்பாளர் கோன்ட்ரோங் குனார்த்தோவோடு சேர்ந்து, அங்குள்ள வெண்கல மணி வாத்தியங்களோடு செய்த ஆல்பம். முருகன் பாட்டில் கற்ற அந்த ஓங்கிய குரல் இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

அதே 2018இல், ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடையில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஒரு குழு ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் மின்கிதாரும் சேர்ந்த குழு. அவர்களுக்கும் பாட்டு சொந்த விஷயம்தான். ஆனால் அவர்கள் பேசியது தைப்பூசத்தைப் பற்றியல்ல, சாதியைப் பற்றி. அடுத்த வாரம் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’.

(தொடரும்)